உப்புக் காற்றில் ஒரு 22 ரிவால்வர்: ரஃப் ரைடரா, ராங்லரா?

மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: டெக்சாஸ் கடற்கரையில் வசிக்கும் உங்கள் அண்ணன் பொழுதுபோக்காகக் குறி சுடுவதற்கு ஹெரிட்டேஜ் ரஃப் ரைடர், ரூகர் ராங்லர் ஆகிய இரு 22 ரிவால்வர்களில் (0.22 அங்குலத் தோட்டாவைச் சுடும் சுழல் கைத்துப்பாக்கிகளில்) எதை வாங்கலாம் என்று.

இரண்டிலும் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்தாக வேண்டும். சுட்ட தோட்டாக்களின் வெற்று உறைகளையும் பக்கவாட்டு வாயில் வழியே ஒவ்வொன்றாகத்தான் தள்ள வேண்டும். ரஃப் ரைடர் விலையில் சற்றுக் குறைவு. 22 மேக்னம் எனும் வலுவான தோட்டாவுக்கான மாற்று உருளையும் (தோட்டாக்கள் அமரும் பகுதி) அதற்குக் கிடைக்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பு, நாம் நினைவாகத் திருப்பிவிட வேண்டிய ஒரு சிறு நெம்புகோலில் இருக்கிறது. 2019-இல் வந்த ராங்லரிலோ, விசையை முழுதாக இழுத்தால் மட்டுமே ஒரு தகடு இடையில் எழுந்து, சுத்தியலின் தாக்குதலைத் தோட்டாவைத் தட்டும் ஊசிக்குக் கடத்தும். மறதி எவருக்கும் உண்டு என்பதால் என் தேர்வு ராங்லரே.

பாம்பன் பழைய ரயில் பாலத்தின் இரும்பை அரித்தது போன்ற உப்புக் காற்றுக்கு, கறுப்பேற்றிய எஃகைவிட ராங்லரின் அலுமினியச் சட்டமும் செராக்கோட் எனும் பீங்கான் கலந்த பூச்சும் நன்றாகத் தாங்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும் என்பது, படகு இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊருக்கு வரும்போது அதை எடுத்துவர மட்டும் நினைக்க வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்.