மருந்து தவறிப் போகும் இடங்கள்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள். பதில் சொல்பவர், மருத்துவக் கருவிகள் மனிதருடைய கைக்கும் கண்ணுக்கும் நினைவுக்கும் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் பொறியாளர்.

தோட்டக் கிளினிக் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்): செம்பனைக் காட்டில் குளவி கொட்டி ஆள் மூச்சுத் திணறி வந்தால் அட்ரினலின் போட வேண்டும். ஆம்பூலில் (மருந்துக் கண்ணாடிக் குப்பியில்) 1:1000 என்று போட்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் கணக்குப் போடப் பயமாக இருக்கிறது சார்.

பயம் நியாயம்தான் ஐயா. குறை உங்களிடம் இல்லை, அப்படி எழுதும் முறையில் இருக்கிறது. 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், அதாவது 1 மி.லி.யில் 1 மி.கி. 1:10,000 என்பது அதைவிடப் பத்து மடங்கு நீர்த்தது. எண் பெரிதானால் மருந்து வீரியம் குறைகிறது. அவசரத்தில் மூளை இதை நேர்மாறாகத்தான் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2016இல் அட்ரினலின் லேபிளிலிருந்து இந்த விகிதக் கணக்கையே எடுத்துவிட்டார்கள்.

கணக்கை முன்கூட்டியே முடித்து அட்டையில் எழுதி வையுங்கள். 1 மி.கி./1 மி.லி. ஆம்பூலிலிருந்து பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 0.5 மி.லி., 6 முதல் 12 வயது வரை 0.3 மி.லி., 6 வயதுக்குக் கீழ் 0.15 மி.லி. தொடையின் நடு வெளிப்பக்கத்தில், தசையில் போட வேண்டும். இரத்தக் குழாயில் ஏற்றக் கூடாது. 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடி ஒன்று. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். ஒருவர் 999 அழைக்கட்டும். அட்டையில் உங்கள் வருகை டாக்டரின் கையெழுத்து இருக்கட்டும்.

அடுத்தது பை. உள்ளே இருப்பது தெரிகிற ஒரே பையில் 3 ஆம்பூல், 3 ஒரு மி.லி. சிரிஞ்சு, நீல நிற 23ஜி ஊசிகள், அட்டை, நேரம் குறிக்க ஒரு பேனா. முக்கியமான ஒன்று: இன்சுலின் சிரிஞ்சும் ஒரு மி.லி. தான், பார்க்க அதே போல இருக்கும். ஆனால் அதன் கோடுகள் யூனிட் கணக்கு, 0.5 மி.லி. அதில் 50 என்று நிற்கும். ஊசியும் தசைக்கு எட்டாத அளவு குட்டை. இரண்டையும் ஒரே டிராயரில் வைக்காதீர்கள். பையை இழுத்தால் அறுகிற பட்டையால் பூட்டி, காலாவதி தேதியை வெளியே எழுதுங்கள். பட்டை அறுந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரியும்.

பிறகு அந்தப் பையை அதைத் திறந்தே பார்க்காத ஒரு மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கொடுத்து, காலாவதியான ஆம்பூலை வைத்து ஒத்திகை பாருங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் கை எங்கே தயங்குகிறதோ, அங்கேதான் பையை மாற்ற வேண்டும்.

ஒரு மகள்: அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு இன்சுலின் பேனா, இரவுக்கு ஒரு இன்சுலின் பேனா. போன மாதம் இரண்டும் மாறிப்போய்ச் சீனி இறங்கி மயங்கிவிட்டார். அம்மா அவரைத்தான் திட்டுகிறார்.

அப்பாவைத் திட்ட வேண்டாம் தங்கச்சி. ஒரே வடிவம், ஒரே கனம், நிறத்தில் மட்டும் வித்தியாசம் என்றால் இரவு மங்கிய வெளிச்சத்தில் வயதான கண் அதைப் பிடிக்காது. கைக்குத் தெரிகிற வித்தியாசம் கொடுங்கள்: இரவுப் பேனாவில் தடித்த ரப்பர் பேண்ட் இரண்டு சுற்று. சாப்பாட்டுப் பேனா சாப்பாட்டு மேசையில், இரவுப் பேனா படுக்கையருகே. இரண்டும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது.

ஒவ்வொரு முறையும் புது ஊசி. முதலில் 2 யூனிட் காற்றில் விட்டு, துளி வருகிறதா என்று பார்த்துவிட்டு அளவைத் திருப்பட்டும். அழுத்திய பின் 10 எண்ணும் வரை ஊசியை எடுக்கக் கூடாது. 'டிக்' சத்தத்தை எண்ணி அளவு வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு சத்தம் தவறினால் போச்சு. உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். மருந்து பால் போலக் கலங்கலாக இருக்கும் வகை என்றால் 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கலக்காமல் போட்டால் ஒரு நாள் குறைவாகவும் இன்னொரு நாள் அதிகமாகவும் போகும்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், ஆனால் ஃப்ரீசர் பக்கம் அல்ல. உறைந்தால் அது குப்பைக்கு. திறந்தது 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு 4 வாரம். தகரக் கூரை லயத்து வீடு மதியம் 30ஐச் சுலபமாகத் தாண்டும். கூரைக்கு நெருக்கமான அலமாரி வேண்டாம். திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பேத்தி: பாட்டிக்கு மலாய் எழுத்துப் பழக்கமில்லை. மருந்துப் பொட்டலத்தை எப்படிப் புரிய வைப்பது?

மலாய் தெரிந்தவர்களுக்கே அதில் ஒரு பொறி இருக்கிறது. சாப்பிடும் முன் என்பது 'செபெலும் மாக்கான்', சாப்பிட்ட பின் என்பது 'செலெப்பாஸ் மாக்கான்'. தொடக்கமும் முடிவும் ஒன்று, நடுவில்தான் வேறுபாடு. வேகமாகப் படிக்கிற கண் நடுப்பகுதியைத் தாண்டிவிடும். பொட்டலத்தில் சாப்பிடும் முன் என்றால் காலி தட்டு, சாப்பிட்ட பின் என்றால் சோறு வைத்த தட்டு என்று படம் வரையுங்கள். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. பிறகு பாட்டியிடம் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார். 'நாளைக் காலை எதை எடுப்பீங்க, காட்டுங்க' என்று கேளுங்கள்.

இளம் தாய்: காய்ச்சல் மருந்துக்குக் கரண்டி போதாதா அண்ணே?

போதாது. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராது. ஊசியில்லாத வாய்வழிச் சிரிஞ்சு வாங்குங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து பாட்டிலில்: பாராசிட்டமோல் சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றும் உண்டு, 250 மி.கி. என்றும் உண்டு. 12 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. முதல் பாட்டிலில் அது 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. முதல் பாட்டிலின் அளவை இரண்டாவதற்கு வைத்தால் இரண்டு மடங்கு போய்விடும். வீட்டில் ஒரு வகை மட்டும் வைத்திருங்கள்.

தனியார் மருத்துவமனை மிஸ்ஸி: மருந்து ஏற்றும் பம்பில் மணிக்கு 12.5 மி.லி.க்குப் பதில் 125 விழுந்துவிடுகிறது. இரண்டு பேர் பார்த்தும் தப்பிவிடுகிறது.

இரண்டாவது ஆளிடம் 'பன்னிரண்டரை, சரிதானே?' என்று கேட்டால் அவர் கண்ணும் பன்னிரண்டரையைத்தான் பார்க்கும். விடையைச் சொல்லாமல் டாக்டரின் உத்தரவை மட்டும் கொடுங்கள். அவர் தனியே கணக்கிடட்டும், பிறகு ஒப்பிடுங்கள். இன்னொரு சோதனை, நேரம்: 500 மி.லி. பை 125 என்றால் 4 மணி நேரத்தில் தீரும், 12.5 என்றால் 40 மணி நேரம். 'இந்தப் பை எப்போது தீரும்?' என்ற கேள்வி புள்ளிப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும்.

எழுதும்போது 0.5 என்று முன்னால் பூச்சியம் போடுங்கள், வெறும் .5 ஐந்தாகத் தெரியும். 1.0 என்று பின்னால் பூச்சியம் போடாதீர்கள், அது 10 ஆகிவிடும். யூனிட்டுக்கு ஆங்கில 'யூ' எழுத்து மட்டும் போட்டால் 4 யூ, 40 ஆகத் தெரியும். பம்பின் கதவைத் திறக்கும் முன் குழாயின் ஓட்டத்தை நிறுத்தும் ரோலர் கிளாம்பை மூடுங்கள்.

மகன்: வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின். அப்பா 'காற்றே வரவில்லை' என்கிறார், மிஷின் ஓடுகிறது.

மூக்குக் குழாயின் நுனியை ஒரு கிளாஸ் தண்ணீரில் விடுங்கள், குமிழி வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் ஈரப்பதப் பாட்டிலின் மூடி சாய்ந்து இறுகியிருக்கும், அல்லது கட்டில் காலடியில் குழாய் நசுங்கியிருக்கும். ஓட்ட அளவு காட்டும் மீட்டரைக் கண்மட்டத்தில், உள்ளே மிதக்கும் பந்தின் நடுவைப் பார்த்துப் படியுங்கள். மின்சாரம் போனால் உதவ ஒரு சிலிண்டர் வேண்டும்: சிலிண்டரின் கொள்ளளவை அதன் அழுத்த மீட்டர் காட்டும் பாரால் (அழுத்த அலகு) பெருக்குங்கள். 4.7 லிட்டர் சிலிண்டர், 100 பார் என்றால் 470 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சாமி விளக்கும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டவே வேண்டாம்.

கிளினிக் மேற்பார்வையாளர்: ஒரே தவறு மூன்றாவது தடவை. விளக்கக் கடிதம் வாங்கினோம், மறுபயிற்சி கொடுத்தோம். இன்னும் என்ன செய்வது?

இரண்டும் மிகப் பலவீனமான மருந்துகள். செறிவான பொட்டாசியம் குளோரைடு ஊசி மாறிப் போடப்பட்டு உயிர்கள் போனபோது, பல நாடுகளில் அதை வார்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இல்லாததை எடுக்க முடியாது. சிறிய சிலிண்டர் வால்வில், மாட்டும் முளைகளுக்காக, ஆக்சிஜனுக்கு 2, 5 எண்ணிட்ட இடங்களில் துளை, நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவுக்கு 3, 5. மாற்றி மாட்டவே வராது. உணவு ஊட்டும் குழாயின் புதிய இணைப்பு, இரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் குழாயில் பொருந்தாதபடி ஐ.எஸ்.ஓ. 80369 என்ற சர்வதேசத் தரத்தில் செய்யப்பட்டதும் இதற்குத்தான். முதலில் பொருளை அகற்ற முடியுமா, பிறகு பொருந்தாமல் செய்ய முடியுமா, பிறகு இடத்தைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். மருந்து எடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் தொலைபேசி இருந்தால் இன்றே நகர்த்துங்கள்.

கருவியே காரணம் என்று தோன்றினால் அதைக் கழுவாதீர்கள், அமைப்பை மாற்றாதீர்கள். திரையைப் படம் எடுத்து, மாடல், வரிசை எண், நேரம் எல்லாம் குறித்து, தனியே பூட்டி வைத்து, மலேசிய மருத்துவக் கருவி ஆணையத்துக்கும் விற்றவருக்கும் எழுதுங்கள். 'ஊழியர் கவனக்குறைவு' என்று மட்டும் எழுதினால் அடுத்த கிளினிக்குக்கும் அதே கருவி அப்படியே போய்ச் சேரும். எந்தப் பட்டனைத் தேடினார், எதை அழுத்தினார், திரை என்ன காட்டியது என்று எழுதுங்கள்.