14 மாதம் நான் ஊரில் இல்லை. அதுவரை ஷெட்டில் நிற்கும் காருக்கு இன்சூரன்ஸ் தேவையா?

சட்டப்படி தேவையில்லை, வண்டி உங்கள் கேட்டுக்குள்ளேயே நின்றால். மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு பொது இடத்தில் பயன்படுத்தும் வண்டிக்குத்தான் பாலிசி கேட்கிறது. வாசலில் தெருவோரம் நிறுத்துவதாக இருந்தால் இந்தக் கணக்கு வேண்டாம். கார் லோன் பாக்கி என்றாலும் பேங்க் விடாது.

ஆனால் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு 45% என்சிபி (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருக்கிறது என்கிறீர்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது பூஜ்யம். திரும்பி வந்து பாலிசி எடுக்கும்போது கம்பெனி காரைப் பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் வேறு.

பாலிசியில் ஓன் டேமேஜ் (உங்கள் காருக்கு வரும் சேதம்), தேர்ட் பார்ட்டி (உங்கள் காரால் அடுத்தவருக்கு வரும் பாதிப்பு) இரண்டும் முடியும் தேதியைத் தனித்தனியாகப் பாருங்கள். புதிதாக வாங்கிய காருக்குத் தேர்ட் பார்ட்டி 3 வருஷம் சேர்த்தே கட்டியிருப்பீர்கள். அது உயிரோடு இருந்தால் ஓன் டேமேஜ் மட்டும் எடுத்தால் போதும். ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தருவது), ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன்களை எடுத்துவிடுங்கள், பிரீமியம் நன்றாக இறங்கும்.

தீ, திருட்டுக்கு மட்டும் என்று மலிவாகக் கொடுத்தால், வெள்ளம் அதில் வருமா என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிற காருக்கு மழைத் தண்ணீர்தான் பெரிய எமன்.

ஒன்று: இரண்டு சாவியும் பத்திரமாக இருக்கட்டும். திருட்டு கிளெய்மில் இரண்டையும் கேட்பார்கள். எலி கடித்த வயருக்குக் காசு வரும் என்று நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.