மேலூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை: ஓட்டு எந்தப் படிவத்தில்?

கேள்வி: 14 வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி (பி.ஆர்.) கிடைத்துவிட்டது; பாஸ்போர்ட் இந்தியாவுடையதுதான். சொந்த ஊர் மேலூர் பக்கம். வீட்டு வரி கட்டுகிறேன், சித்திரைத் திருவிழாவுக்குத் தவறாமல் வருகிறேன். பாதைத் தகராறில் நான் கேஸ் போட்டிருக்கும் பங்காளி, மனு கொடுத்து வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க வைத்துவிட்டார். படிவம் 6 கொடுத்து மறுபடி சேர்த்துவிடலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள்.

பங்காளி என்ன எண்ணத்தில் மனு கொடுத்தார் என்பது சட்டத்துக்கு வேண்டாத கதை. வரி ரசீதும் உதவாது. சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவே சொல்கிறது. அப்பீல் போகலாம்தான், ஆனால் 14 வருடம் ஊரில் இல்லாததைத் தற்காலிகம் என்று வாதாட எனக்கே கூச்சமாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியிருந்தது இந்திய பாஸ்போர்ட் என்ற ஒரு வரிதான். பி.ஆர். குடியுரிமை ஆகாது. அதனால் 20ஏ பிரிவின்படி படிவம் 6ஏ கொடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியோ அங்கே பெயர் ஏறும். தபால் ஓட்டு கிடையாது. அசல் பாஸ்போர்ட்டோடு பூத்துக்கு நேரில் வர வேண்டும். நாளைக்குச் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கினால் இதுவும் போச்சு. வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு ஓட்டு இல்லை.

மச்சான் சொல்லும் படிவம் 6 உள்ளூரில் குடியிருப்பவர்களுக்கு. அதன் அடியில் உள்ள உறுதிமொழியை யாரும் படிப்பதில்லை, கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். பொய்யென்று தெரிந்தே போட்டால் அதே சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வக்கீலாக, இதற்காக ஜெயிலுக்குப் போன யாரையும் நான் பார்த்ததில்லை. கூண்டில் திணறியவரைப் பார்த்திருக்கிறேன். ‘வாதி வெளிநாட்டில் வசிக்கிறார்’ என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதி, பவர் ஏஜெண்ட் வைத்துக் கேஸ் நடத்தியவர் அவர். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் படிவத்தின் நகலை நீட்டி, “இங்கேயே குடியிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, இது பொய்யா, பிராது பொய்யா?” என்றார். என்ன பதில் சொன்னாலும் ஒரு கையெழுத்து பொய்யாகிவிடும். அப்புறம் அவர் நிலத்தைப் பற்றிச் சொன்ன உண்மையும் எடுபடவில்லை. பத்திரமெல்லாம் சுத்தமாக இருந்த கேஸ் அது. உங்கள் பங்காளியோ பட்டியலில் பெயரைத் தேடிப் பிடித்து எடுக்க வைத்தவர். படிவம் 6ஐ விட்டுவிடுவாரா?

பாதை எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று, நான்கு அடிதான் என்றால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடித்துக்கொள்ளுங்கள். கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும், அங்கே முடிந்ததற்கு அப்பீலும் கிடையாது. சித்திரைக்கு வரும்போது உங்கள் வக்கீலைப் பார்த்துவிட்டு, மச்சானை வீட்டில் விட்டுவிட்டுப் பேசப் போங்கள்.