கெர்னல் பூட் ஆகும்போதே ஸ்டாக் நிரம்பி நின்றால் எங்கே தேடுவது?

கேள்வி: 64 பிட் இன்டெல் கணினியில், நான் எழுதிய டிரைவரைச் சேர்த்து லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்தேன். பூட் ஆகும்போது சில முறை ‘ஸ்டாக் கார்டு பேஜ்’ (ஃபங்ஷன்கள் ஓடும்போது தற்காலிக மாறிகளை வைக்கும் மெமரியான ஸ்டாக்கின் எல்லையில் உள்ள காவல் பக்கம்) தொட்டதாகப் பிழை காட்டி நிற்கிறது. சில முறை திரையில் எதுவும் வராமல் ரீஸ்டார்ட் ஆகிறது. ஸ்டாக்கின் அளவைக் கூட்டிவிட்டால் போதுமா?

பதில்: கூட்ட வேண்டாம். அந்த அளவு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (தனித்தனியாக ஓடும் வேலைக்கும்) பொருந்துவதால், ஒரு டிரைவரின் குறைக்காக எல்லாத் த்ரெட்டுகளும் கூடுதல் மெமரியைச் சுமக்க நேரிடும். பயனர் நிரலின் ஸ்டாக் தேவைக்கேற்ப வளரும். கெர்னல் ஸ்டாக் வளராது. உங்கள் கணினி வகையில் 2014 முதல் அது 16 கேபி, அதற்கு முன் 8 கேபிதான்.

முதலில் பிழைச் செய்தி முழுவதையும் பிடியுங்கள். பூட் கட்டளை வரியில் ‘பேனிக்’ மதிப்பைச் சுழியமாக வைத்தால், பேனிக் ஆன (மீள முடியாத பிழையில் நின்ற) கெர்னல் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. கன்சோலை சீரியல் போர்ட்டுக்குத் திருப்பி, ‘இனிட்கால் டீபக்’, ‘இக்னோர் லாக்லெவல்’ ஆகிய இரண்டையும் சேருங்கள். ஒவ்வொரு தொடக்க ஃபங்ஷனும் அழைக்கப்படும்போது ஒரு வரியும் முடியும்போது ஒரு வரியும் வரும். முடிந்த வரி வராமல் நிற்கும் ஃபங்ஷனிலிருந்து தேடலாம்.

கெர்னல் கன்ஃபிகில் ‘விமேப் ஸ்டாக்’ இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 4.9 பதிப்பில் வந்த இந்த வசதி, ஸ்டாக்கின் எல்லையில் யாரும் தொடக்கூடாத ஒரு பக்கத்தை வைப்பதால், எல்லை மீறிய கணத்திலேயே டபுள் ஃபால்ட் (ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே எழும் இன்னொரு பிழை) எழுந்து குட்டு வெளிப்படுகிறது. அது இல்லாவிட்டால் பக்கத்து மெமரி சத்தமில்லாமல் அழிந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் கெர்னல் விழும்.

கிடைத்த கால் டிரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) ஒரே ஃபங்ஷன் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அது முடிவில்லாத ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே மீண்டும் மீண்டும் அழைப்பது). வராவிட்டால், பெரிய லோக்கல் மாறிகளைத் தேடுங்கள். கடைசியாக அழைக்கப்பட்ட ஃபங்ஷன் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவே. இடத்தைத் தின்றது அதற்கு நாலைந்து படி முன்னால் அழைக்கப்பட்டதாக இருக்கலாம். அனுபவத்தில் நான் அதிகம் கண்டது, ப்ரோப் ஃபங்ஷனுக்குள் (சாதனம் கண்டறியப்பட்டதும் அதைத் தயார்செய்ய அழைக்கப்படுவது) அறிவிக்கப்பட்ட 4096 பைட் பஃபர். அது அழைக்கும் ஃபங்ஷனிலும் அதேபோல் ஒன்று இருந்தால் 8 கேபி போய்விடும். எஞ்சிய பாதியில்தான் டிரைவர் கோர், பஸ் அடுக்கு எல்லாம் ஓட வேண்டும்.

கம்பைல் செய்யும்போது 2048 பைட்டைத் தாண்டும் ஃபிரேம்களுக்கு (ஒரு ஃபங்ஷன் ஸ்டாக்கில் எடுக்கும் இடம்) வார்னிங் வருவது 64 பிட் கெர்னலின் வழக்கமான அமைப்பு. அதைத்தான் பலர் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ‘மேக் செக்ஸ்டாக்’ கட்டளை, அதிக ஸ்டாக் எடுக்கும் ஃபங்ஷன்களைப் பட்டியலிடும்.

பஃபரை ஸ்டாக்கில் வைக்காமல் கேமேலாக் (கெர்னலில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) மூலம் பெற்று, பிழையால் பாதியில் திரும்பும் வழிகளிலும் மறக்காமல் கேஃப்ரீ செய்து மெமரியைத் திருப்பிக் கொடுங்கள். பஃபரை ஸ்டேட்டிக் ஆக்குவது (எல்லா அழைப்புகளுக்கும் ஒரே நிலையான இடத்தில் வைப்பது) சுலபம்தான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்கள் ப்ரோப் ஆனால் இரண்டும் ஒரே பஃபரில் எழுதும். டிஎம்ஏ-வுக்கு (சாதனமே மெமரியை நேரடியாகப் படித்து எழுதும் முறை) அந்தப் பஃபரைக் கொடுத்திருந்தால் அது எப்படியும் ஸ்டாக்கில் இருக்கக் கூடாது.