வேகமே இல்லாத மிஹாஷியால் பலமான அணிகளை எப்படி அடக்க முடிகிறது?

2007இல் வெளிவந்த 'ஓகிகு ஃபுரிகாபுட்டே' என்ற பேஸ்பால் அனிமேயைப் (ஜப்பானிய அனிமேஷன் தொடரைப்) பார்ப்பவர்களுக்கு இயல்பாகவே எழும் கேள்வி இது. சைத்தாமா மாநிலத்தின் நிஷிஉரா பள்ளிக்காகப் பந்தெறியும் மிஹாஷி ரென், வேகத்தில் சராசரிக்கும் கீழானவன். ஆனால் மட்டையாளர் அடிக்கக்கூடிய சரியான பந்து எனக் கணக்காகும் ஸ்ட்ரைக் பகுதியை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஆபே தக்காயா கேட்கும் கட்டத்தில் பந்தைப் போடுமளவுக்குக் கட்டுப்பாடு உள்ளவன்.

அவனுடைய நேர்ப்பந்துதான் இதில் மிக நுட்பமானது. மெதுவாக வரும் பந்து இவ்வளவு தாழும் என்று மட்டையாளரின் கண் பழக்கத்தால் கணக்கிடுகிறது. மிஹாஷியின் பந்தோ அந்த அளவுக்குத் தாழாததால், மட்டை பந்தின் அடிப்பகுதியில் பட்டு, பந்து உயரே எழும்பி எளிய கேட்சாகிறது. வளைந்து செல்லும் கர்வ், ஸ்லைடர் பந்துகளையும் கலந்து, மட்டையாளரின் எண்ணத்தைப் படித்து ஆபே திட்டமிடும்போது, வேகக் குறைவு ஒரு குறையாகவே தெரிவதில்லை. முந்தைய ஆண்டின் மாநில வெற்றியாளரான தோசேயை, முதலாமாண்டு மாணவர்கள் மட்டுமே உள்ள இந்த அணி கோடைத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே வீழ்த்துவது நம்பும்படி அமைவதற்கு இந்த நுணுக்கமே காரணம்.

மிஹாஷியின் தாத்தா நடத்திய நடுநிலைப் பள்ளியில், சலுகையால்தான் அவனுக்கு முதன்மைப் பிட்சர் (பந்தெறிபவர்) இடம் கிடைத்தது என்று சக வீரர்கள் அவனை ஒதுக்கினார்கள். அந்தத் தாழ்வுணர்ச்சியில் நடுங்கும் அவனுடைய கையை ஆபே பற்றும்போது, விரல்களில் காய்த்துப்போன தழும்புகள் தட்டுப்படுகின்றன. அத்தனை ஆண்டுகளின் தனிமைப் பயிற்சியையும் ஆபே அந்தக் கணத்தில்தான் உணர்கிறான். என்னைப் பொறுத்தவரை, தொடரின் மிகச் சிறந்த காட்சி அதுவே.