வாசகர் கேள்வி பதில்: பொம்மைக்கு உணர்ச்சி கழுத்தில்

கேள்வி: கைகால் மடங்கும் ஆறு அங்குல ஆக்‌ஷன் பொம்மைகளை செல்போனில் படமெடுக்கிறேன். ஒரு கதை நடப்பதுபோல வரவில்லை. மேஜையில் நிற்கும் பொம்மையாகவே தெரிகிறது. ஏன்?
- வாசகி, திருச்சி

பதில்: மேலிருந்து எடுப்பதுதான் முதல் காரணம். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். பொம்மையின் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வையுங்கள். மிக நெருங்கினால் பல போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி முகத்தை உப்பவைத்துவிடும். ஓரடி தள்ளி, 2 எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

அடுத்தது நிற்கும் விதம். இரு காலிலும் சமமாக ஊன்றி நின்றால் கடை அலமாரிப் பொம்மைதான். எடையை ஒரு காலில் ஏற்றுங்கள். அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்து, தோள் தாழட்டும். சாய்ந்தால் பாதத்தடியில் மிளகளவு புளூ டாக் (போஸ்டர் ஒட்டும் களிமண் போன்ற பசை) போதும். வார்த்த முகம் மாறாது என்பதால் உணர்ச்சி எல்லாம் கழுத்தில்தான். குனிந்தால் சோர்வு, உடம்பு ஒரு பக்கமும் தலை மறுபக்கமும் திரும்பினால் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது என்று பொருள். பார்க்கும் திசையில் வெற்றிடம் விட்டு, படத்துக்கு வெளியே நிற்கும் இன்னொரு பொம்மையின் நிழல் மட்டும் அங்கே விழட்டும். வந்தவரைக் காட்டுவதைவிட இது எப்போதும் வலிமையானது.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஒரே டார்ச், அதன் முன்னால் ஒரு பட்டர் பேப்பர். நேரடி வெளிச்சம் பட்டால் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி மின்னும். பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

கேள்வி: மழை, பனி, புழுதிக் காட்சிகளை வீட்டிலேயே எடுக்க முடியுமா?
- கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பனிக்குச் சமையல் சோடா, டீ வடிகட்டியில் சலித்துத் தூவுங்கள். புழுதிக்கு மெல்லிய துணியில் சலித்த செம்மண்ணைக் காலடியில் பரப்பி, உறிஞ்சுகுழாயால் ஊதியபடி பர்ஸ்ட் மோடில் தொடர்ந்து எடுக்க வேண்டும். வெளிச்சம் பின்னாலிருந்து வராவிட்டால் புழுதி படத்தில் அவ்வளவாகத் தெரியாது.

மழைதான் கடினம். பொம்மையைச் சிறிதாக்கலாம், நீர்த்துளியை அதே அளவுக்குச் சிறிதாக்க முடியாது. சாதாரண ஸ்ப்ரேயரில் அடித்தால் ஒரு துளி பொம்மையின் கண்ணைவிடப் பெரிதாக நிற்கும். மிக நுண்ணிய மிஸ்ட் ஸ்ப்ரேயரைத் தள்ளிப் பிடித்து, பொம்மைக்குப் பின்னால் மட்டும் அடியுங்கள். முன்னால் ஈரத் தரை பளபளத்தாலே பார்ப்பவர் மழையென்று நம்பிவிடுவார். நனைந்த தரைக்குக் கறுப்பு அக்ரிலிக் தகடோ கறுப்பு டைல்ஸோ பொருத்தம்.

முடிந்ததும் மூட்டுகளை அசைக்காமல், முதலில் மென்மையான பிரஷால் மண்ணைத் தட்டுங்கள். துகள் உள்ளே இருக்கும்போது மடக்கினால் பெயின்ட் உரிந்து, மூட்டும் தளர்ந்துவிடும்.