பழைய மில் இடத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, கோவையில் மூடிக்கிடந்த ஒரு மில்லை இடித்து மனை போட்டிருக்கிறார்கள். நாலரை சென்ட் பார்த்து வைத்திருக்கிறோம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, டிடிசிபி அப்ரூவல் எல்லாம் சரி. ஆனால் என் மாமியார், "அது சாயத் தண்ணி விட்ட இடம், வேண்டாம்" என்கிறார். விற்பவரோ மண் பரிசோதனை அறிக்கை காட்டி, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்கிறார். யாரை நம்புவது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: மாமியாரிடமிருந்து தொடங்குங்கள் அம்மா. சாயத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, எங்கே தேங்கியது என்று அவரிடமே கேளுங்கள். முப்பது வருஷம் மண் சோதனை செய்தவன் நான். பழைய ஆட்களிடம் கேட்காமல் குழி தோண்டிய இடங்களில்தான் ஏமாந்திருக்கிறேன்.

ஒரு ஊரில் மில் வளாகம் ஒன்றில் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்தோம். எல்லாம் சுத்தம். கிளம்பும் நேரத்தில், அங்கே பாயிலர் பார்த்த பெரியவர் ஒருவர் வந்து, "சாயக் கொட்டகைக்குப் பின்னாடி கிணறு இருந்ததே, அதைப் பார்த்தீங்களா?" என்றார். தரையில் கிணறு இருந்த சுவடே இல்லை. அவர் காட்டிய இடத்தில் துளை போட்டோம். பதினெட்டு அடியில் கறுப்புச் சேறு, டீசல் நாற்றம். மில்லை மூடிய பிறகு வேண்டாததையெல்லாம் அதில் கொட்டி மூடியிருக்கிறார்கள்.

மில் எந்தக் காலத்தது, என்ன வேலை நடந்தது என்று முதலில் விசாரியுங்கள். 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் போல நீராவியில் ஓடிய மில் என்றால் சாம்பல் மேட்டைத் தேட வேண்டும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கட்டியது என்றால் டிரான்ஸ்பார்மர் நின்ற இடம் முக்கியம். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இருந்திருக்கலாம். ஜெனரேட்டர் அறை, டீசல் டேங்க், வொர்க்ஷாப் இவற்றையும் விடக்கூடாது. வெறும் நூற்பு மட்டும் நடந்த மில் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். சாயமும் போட்டிருந்தால் கதை வேறு. சில சாயங்களைத் துணியில் நிலைக்கவைக்க டைக்ரோமேட் உப்பைப் பயன்படுத்தினார்கள். அதில் இருப்பது ஆறாம் நிலைக் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது.

நம் பக்கத்துக் கரிசல் மண் சுண்ணாம்புச் சத்துள்ள மண். இதில் ஈயம் மேல்மண்ணிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். இந்தக் குரோமியம் அப்படியில்லை. தண்ணீரோடு இறங்கி, அடியில் இருக்கும் பாறை வெடிப்புக்குள் போய்விடும். அதனால் மேல்மண் அறிக்கை நன்றாக இருந்தாலும் போர் தண்ணீரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இப்போது அந்த அறிக்கையை எடுங்கள். மாதிரி எடுத்த இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? எத்தனை அடி ஆழம்? பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்தார்களா? அப்படிக் கலந்தால் ஒரு மூலையில் இருக்கிற விஷம் ஒன்பது நல்ல மண்ணில் கரைந்து காணாமல் போய்விடும். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். எந்த 'வரம்பு' என்பதையும் கேளுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்குப் போதுமான அளவு, குழந்தை மண்ணில் விளையாடி அதே கையை வாயில் வைக்கிற வீட்டுக்குப் போதாது. ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் அந்த ஆய்வகத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த மில்லுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையை, அதாவது இயங்குவதற்கான அனுமதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். என்னென்ன கழிவு வந்தது என்று அதில் இருக்கும். 2025-ல் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. உங்களுக்குச் சந்தேகம் உறுதியானால் மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: மேலே இரண்டு அடி செம்மண் கொட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். போதாதா?
- அதே வாசகி

பதில்: மேல்மண்ணில் ஈயமோ, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளோ மட்டும் இருந்தால் ஓரளவு உதவும். ஆனால் அஸ்திவாரத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் தோண்டும்போது அடிமண் மேலே வந்துவிடும். முருங்கை வைத்தால் வேர் இரண்டு அடியோடு நிற்காது. தண்ணீரில் கலந்ததைச் செம்மண் ஒன்றும் செய்யாது. மூடத்தான் போகிறார்கள் என்றால், பழைய மண்ணுக்கும் புது மண்ணுக்கும் நடுவே, பின்னால் தோண்டுகிறவருக்கு எல்லை தெரியும்படி அடையாளத் துணி விரிக்கச் சொல்லுங்கள். அடியில் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மனைக்குள்ளேயே ஓர் இடத்தில், இயற்கை மண் வரும் ஆழம் வரை, நீங்கள் நிற்கும்போதே துளை போட்டு மண் எடுக்கச் சொல்லுங்கள். அந்த முடிவு கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.